தொண்ணூறுக்கு மேல் போகாத கருவி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நான், உங்கள் சம்பந்தியம்மா, பேத்தி எல்லோரும் சுகம். அங்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்பி எழுதுகிறேன். செய்தித்தாளில் "பத்து முறை தவறிய கருவி" என்று வந்ததைப் படித்துவிட்டு உங்கள் மகளுக்குப் போன் செய்து, "போனா போகுதும்மா, வேற வேலை பாத்துக்கலாம்" என்று ஆறுதல் சொன்னீர்களாம். தயவுசெய்து அந்த ஆறுதலைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நடந்ததை நேரில் பார்த்தவன் சொல்கிறேன்.

உங்கள் மகள் தன் கருவியைப் பத்திரிகைக்காரர்களுக்கு ஓட்டிக் காட்டிய அன்று என் மகன் வெளியூரில். பால் குடிக்கிற குழந்தையை விட்டுவிட்டு அவள் எப்படிப் போவாள்? அதனால் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நானும் ஆய்வுக்கூடத்தின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுமே பேத்தி என் சட்டையை நனைத்துவிட்டாள், அது தனிக்கதை. மேஜைமேல் இரண்டு பெட்டிகள். ஒளித்துகள் ஒன்றை உள்ளே அனுப்பினால் இரண்டும் அதை வெவ்வேறு விதமாகக் கலைத்து வெளியே விடும். வந்தது எந்தப் பெட்டி வழியாக என்று கருவி சொல்ல வேண்டும். உங்கள் மகளின் உத்தி என்னவென்றால், துகளை ஜோடியாக உண்டாக்கி, ஒன்றை உள்ளே அனுப்பி, மற்றதை வெளியே நிறுத்திவைத்து, போனது வந்ததும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது. அப்படியும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது, இது கருவியின் குறையில்லை, இயற்கையே போட்ட வேலி என்று அவள் முன்பே நிரூபித்திருக்கிறாள். தொலைபேசி நிலையத்தில் காலம் தள்ளிய எனக்கு, லைனில் இரைச்சல் வந்தால் கொஞ்சம் கத்திப் பேசுங்கள் என்பதோடு விஞ்ஞானம் முடிந்தது. எவ்வளவு கத்தினாலும் தாண்ட முடியாத எல்லை உண்டு என்று இவள் சொல்லித்தான் தெரியும்.

கருவியை ஓட்டினார்கள். நூற்றுக்கு நூறும் சரி! ஆய்வுக்கூட இயக்குநர் துள்ளுகிறார், பத்திரிகைக்காரர்கள் கைதட்டுகிறார்கள், நானும் தட்டினேன், பேத்தி அலறி எழுந்தாள். உங்கள் மகள் முகம் மட்டும் சுண்டிப்போயிருந்தது.

"சிரிங்கம்மா, போட்டோ எடுக்கிறாங்க" என்றார் இயக்குநர்.

"சார், இது தப்பு. நூறு வரக் கூடாது."

"அதான் வந்திருச்சே! உங்க கணக்குதான் தப்பா இருக்கும்."

"இருக்கலாம் சார். ஒரே ஒரு தடவை பாத்துடறேன்" என்று போனவள் துகளை உண்டாக்குகிற ஒளியையே அணைத்துவிட்டாள். "இப்ப ஓட்டுங்க."

ஒளியே இல்லை, சம்பந்தி! அப்போதும் கருவி நூறையும் சரியாகச் சொல்கிறது. "பாத்தீங்களா சார், இது துகளைப் பாக்கவே இல்ல" என்றவள், புது உடுப்போடு மேஜைக்கடியில் தவழ்ந்துபோய்க் கண்டுபிடித்தாள்: இரண்டாவது பெட்டிக்கு மாறும்போது மட்டும் ஒரு மோட்டார் மேஜையை அதிரவைத்திருக்கிறது. கருவி அந்த அதிர்வை வைத்துக்கொண்டு ஆளை ஏமாற்றியிருக்கிறது! மோட்டாரைத் தள்ளி வைத்து, ஒளியைப் போட்டு மறுபடி ஓட்டினால் தொண்ணூறு. பத்திரிகைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். இவளோ ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, வேலியைத் தொட்டுட்டோம்!" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். இயக்குநரும் நல்ல மனுஷன்தான்; "மானத்தைக் காப்பாத்துனீங்கம்மா" என்று தன் கையாலேயே அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

எனக்கு யாராவது நூறு மார்க் போட்டால் விடைத்தாளைத் திருப்பிப் பார்ப்பேனா? உங்கள் மகள் பார்த்தாள். எனவே, தொண்ணூறுக்கு மேல் உலகத்தில் எவனாலும் முடியாது என்று உங்கள் தெருவில் தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
இந்தப் பெண்ணை எங்களுக்குக் கொடுத்ததற்கு என்றும் நன்றி மறவாத,
உங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும் முன் உங்கள் மகள் இதைப் படித்துவிட்டாள். "மாமா, தொண்ணூறுங்கிறது பெட்டியை ஒரே ஒரு தடவை பயன்படுத்தினாத்தான். அதே பெட்டிக்குள்ள திரும்பத் திரும்ப அனுப்பிப் பாத்தா தொண்ணூத்தொம்பதையும் தாண்டிடும்" என்கிறாள். "அப்ப எல்லையே கிடையாதாம்மா?" என்றேன். "அதுக்கும் ஒண்ணு இருக்கு மாமா, எங்கேன்னுதான் இன்னும் பிடிபடல" என்று மறுபடி கணக்குப் போட உட்கார்ந்துவிட்டாள். ஆகவே அதுவரை தெருவில் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம்.