ஹெட்போன் தேர்வுக் குழுத் தலைவர் மைத்துனருக்கு எழுதியது

அண்ணனூர்,
ஞாயிற்றுக்கிழமை, பகல் இரண்டு மணி.

அன்பும் பண்பும் மிக்க மைத்துனர் திரு. வரதன் அவர்களுக்கு,

அழகேசன் எழுதிக்கொண்டது. இங்கு நான், தங்கள் அக்கா ராதிகா, மகள் நிவேதிதா மூவரும் நலம். பூந்தமல்லியில் தாங்களும் வீட்டாரும் அவ்வண்ணமே சுகமாயிருக்க வேண்டுகிறேன். நடுவே ஒரு பஸ் தூரம்தான், கையில் போனும் இருக்கிறது, இந்த மனுஷன் எதற்குக் கடிதம் போடுகிறார் என்று தாங்கள் யோசிப்பது எனக்குத் தெரிகிறது. காரணம், எங்கள் வீட்டில் பத்து நாளாக யாரும் வாய் திறக்கக் கூடாது. நிவேதிதா பாட்டுப் பதிவு செய்கிறாள். காலை பத்து மணியிலிருந்து இரவு எட்டு வரை மிக்ஸி, மின்விசிறி, தும்மல், போன் பேச்சு அனைத்துக்கும் தடை. உத்தரவை நானே தயாரித்து, தேதி போட்டு, கையெழுத்திட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். போட்டவனே மீறினால் நன்றாகவா இருக்கும்?

விஷயத்துக்கு வருகிறேன். இதற்கெல்லாம் ஆரம்பம் தாங்கள்தான். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நிவேதிதா பிறந்தநாளுக்குத் தாங்கள் ஆசையாக ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்தீர்களே, அதன் காதுக் கிண்ணங்களின் முதுகில் வலை போட்டிருந்தது. பார்க்க அழகு. காற்றோட்டமும் உண்டு. ஆனால் அந்த வலை வழியாகச் சத்தம் வெளியே வரும் என்பது நம் இருவருக்குமே தெரியாது. அதை மாட்டிக்கொண்டுதான் நம்ம பொண்ணு, கிரண் என்கிற டைரக்டர் எடுக்கும் இணையத் தொடருக்கு டைட்டில் பாட்டு பாடி அனுப்பினாள். தாளம் தப்பாமல் இருக்கக் காதுக்குள்ளே டிக் டிக் என்று ஒன்று ஓடுமாம். அது வலை வழியே வெளியே வந்து, மைக்குக்குள் புகுந்து, பாட்டு முழுக்க டிக் டிக். போதாததற்கு, ரயில்களை நிறுத்திவைக்கும் பக்கத்துக் கார் ஷெட்டுக்குப் போகிற மின்சார ரயில் இரண்டு இடத்தில் ஹாரன் அடித்திருக்கிறது. கிரண் போன் பண்ணி, "பாட்டு நல்லாருக்கும்மா, ஆனா கடிகாரக் கடைல உக்காந்து பாடுனா மாதிரி கீது. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள சுத்தமா குடு, டைட்டில்ல உன் பேரு வரும். இல்லாங்காட்டி வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். கம்பெனி வேலைக்கு நடுவில் மூன்று வருஷமாக இந்த ஒரு வாய்ப்புக்குத்தான் அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை.

அப்போதுதான் ராதிகா என்னிடம் வந்து, "முதுகு மூடின ஹெட்போன் வேணுமாம். சத்தம் வெளிய போகாது, வெளிச் சத்தம் உள்ள வராது. பதிவுக்கும் அதுதான், அப்புறம் குரலையும் இசையையும் சேத்து மிக்ஸிங் பண்றதுக்கும் அதுதான். எதுன்னு தேர்ந்தெடுக்க எங்களுக்கு என்ன தெரியும்? முப்பத்தஞ்சு வருஷம் ஆவடியில ராணுவ டாங்கிக்கு இன்ஸ்பெக்ஷன் பண்ணவரு நீங்கதானே" என்றாள். ரிட்டயர் ஆன இந்த எட்டு மாதத்தில் என் தகுதியை ஞாபகம் வைத்துப் பேசிய ஒரே மனிதப் பிறவி தங்கள் அக்காதான். அன்று மாலையே தேர்வுக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் நான். உறுப்பினர்கள் மற்ற இருவர். நிவேதிதா பத்து நாள் லீவு போட்டாள். பத்து நாளுக்குள் திருப்பித் தரலாம் என்ற நிபந்தனையில் மூன்று ஹெட்போன்கள் வந்து சேர்ந்தன. பெயரைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது என்று கறுப்பு டேப் ஒட்டி மறைத்து, மாதிரி எண் ஒன்று, இரண்டு, மூன்று என்று சீட்டுக் கட்டினேன். மூன்றாவதை நிவேதிதா பாடுவதற்கு எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். வேலை நிற்கக் கூடாது என்று நானும் விட்டுவிட்டேன்.

முதல் சோதனை வெப்பம். நாங்கள் டாங்கியைப் பாலைவனத்துக்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்போம். இங்கே பாலைவனம் இல்லை, மொட்டை மாடி இருக்கிறது. மே மாத வெயிலில் பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை மாதிரி ஒன்றும், ஒன்றிலிருந்து இரண்டு வரை மாதிரி இரண்டும் மாட்டிக்கொண்டு, நாற்காலி போட்டு, நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். வீட்டுச் சொந்தக்காரம்மா பொன்னம்மாள் மிளகாய் காயவைக்க வந்தவர், என்னை நின்று பார்த்தார். "இன்னா நைனா, காதைக் காய வெச்சிகினு கீறியா?" என்றார். நான் சோதனையில் இருக்கிறேன் என்று சைகை காட்டினேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து என் தலையில் ஊற்றலாமா, கையில் கொடுக்கலாமா என்று யோசித்து, நல்லவேளை கையில் கொடுத்தார். ஒரு மணிக்கு மாதிரி ஒன்றைக் கழற்றினால் அதன் மெத்தை என் காதோடு வந்துவிட்டது. ராதிகா தேங்காய் எண்ணெய் போட்டுத்தான் எடுத்தாள். மாதிரி ஒன்று நிராகரிக்கப்பட்டது.

அடுத்தது இறுக்கச் சோதனை. மிக்ஸிங் என்றால் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் தலையில் இருக்குமாம், அழுத்தினால் தலைவலி வருமாம். பொண்ணு தலையை எத்தனை நேரம் பிடித்து வைப்பது? டெய்லர் டேப்பால் அவள் தலையைச் சுற்றி அளந்துகொண்டு ஆவடி மார்க்கெட்டுக்குப் போய், அதே சுற்றளவில் ஒரு பறங்கிக்காய் தேடினேன். ஒவ்வொரு காயையும் டேப் சுற்றி அளப்பதைப் பார்த்துக் கடைக்காரர், "சார், காய் வாங்க வந்தியா, சட்டை தெக்க வந்தியா?" என்று கேட்டார். பதினோராவது காய் சரியாக அமைந்தது. அதற்கு மாதிரி இரண்டை மாட்டி, காற்று வர வாசலில் ஒரு ஸ்டூல் மேல் ஒரு நாள் முழுக்க வைத்தேன். பொன்னம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "திருஷ்டிக்கு இது புச்சா வந்துகீதா? நம்ம வாசலுக்கும் ஒண்ணு வாங்கியா நைனா" என்றார். பறங்கிக்காயில் தழும்பு இல்லை. மாதிரி இரண்டு தேர்ச்சி. பறங்கிக்காய் மறுநாள் கூட்டு.

மூன்றாவது ஒலித்தடைச் சோதனை. இதைப் பற்றித் தங்கள் அக்கா தனியாகச் சொல்லியிருக்கலாம், என் தரப்பையும் கேளுங்கள். குக்கரில் பருப்பு வைத்து, மாதிரி இரண்டை மாட்டிக்கொண்டு அடுப்புக்கு முதுகு காட்டி நின்றேன். விசில் கேட்கக் கேட்க நோட்டில் கோடு போட வேண்டும், ஆறு கோடு ஆனதும் அடுப்பை அணைக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. ராதிகா என்னை நம்பிக் குளிக்கப் போய்விட்டாள். நான் நிற்கிறேன், நிற்கிறேன், ஒரு விசிலும் இல்லை. கேஸ் தீர்ந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தால் அடுக்களை முழுக்கப் புகை. ராதிகா ஈரத் தலையோடு என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறாள். பருப்பு கரி, குக்கர் அடி கறுப்பு. நான் நோட்டில் "விசில்: பூஜ்யம். மிகச் சிறப்பு" என்று எழுதினேன். எழுதும்போது அவள் என்னவோ சொன்னாள். அதுவும் கேட்கவில்லை.

இனி முக்கியமான சோதனை, பாட்டு. நிவேதிதா பாடி வைத்ததை முதலில் இரண்டில் கேட்டேன். அடடா! அடியில் டும் டும் என்று எழும்பி, ஆயிரம் குதிரை சக்தி எஞ்சின் பக்கத்தில் நிற்கிற மாதிரி மார்பெல்லாம் அதிர்ந்தது. என் பொண்ணா இப்படிப் பாடினாள் என்று கண் கலங்கிவிட்டது. பிறகு மூன்றில் கேட்டேன். ரேஷன் கடையில் பட்டியல் படிப்பதுபோல ஒரே சப்பை. மூச்சு வாங்குவது தெரிகிறது, ஒரு இடத்தில் சுருதி விலகுவது தெரிகிறது, யாரோ நாற்காலியை நகர்த்துவது தெரிகிறது. இதை எவன் வாங்குவான் என்றேன். நிவேதிதா, "அப்பா, எனக்கு இனிமையாக் கேக்கவேணாம். குறை எங்க இருக்குன்னு சொல்லணும். ரெண்டாவது எல்லாத்தையும் அழகாக் காட்டுது. அதை நம்பி நான் கோட்டை விட்டா, கிரண் சார் கார்ல போட்டுக் கேக்கறப்போ எல்லாம் வெளிய வந்துடும்" என்றாள். குறையை மட்டும் சொல்வதற்குத் தனியாக ஒரு கருவி எதற்கு, அதை உங்க அம்மா முப்பது வருஷமா செய்யறாளே என்றேன். தலைவரின் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி மாதிரி இரண்டு தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவித்தேன்.

அறிவித்ததோடு நிறுத்தியிருக்கலாம். என் ரிட்டயர்மெண்ட் அன்று நண்பர்கள், நான் வேலையில் இருந்தபோது பாஸ் ஆன பாகங்களில் எண் பதிய அடிக்கிற என் நாற்பத்தேழாம் நம்பர் இரும்பு முத்திரையைப் போலவே ஒன்று செய்து கொடுத்தார்கள் அல்லவா? பீரோவில் இருந்ததை எடுத்து, மாதிரி இரண்டின் முதுகில் வைத்து, சுத்தியலால் ஒரே ஒரு தட்டுத்தான் தட்டினேன் மச்சான். டாங்கியில் இரும்பு, இதில் பிளாஸ்டிக். நாற்பத்தேழு விழவில்லை, ஓட்டை விழுந்தது. முதுகு மூடின ஹெட்போன் முதுகு திறந்த ஹெட்போன் ஆகிவிட்டது. இனி அதைத் திருப்பியும் அனுப்ப முடியாது. நான் சுத்தியலோடு நிற்கிறேன். திட்டுவார்கள் என்று பார்த்தால், அம்மாவும் பொண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அழுதார்களா சிரித்தார்களா, எனக்குத் தெரியாது. ஓட்டை வழியே எவ்வளவு சத்தம் வருகிறது என்று பார்க்க அதற்குள் நான் மாதிரி இரண்டைக் காதில் மாட்டியிருந்தேன். ஓட்டை இல்லாத பக்கம்தான் கதவுப் பக்கம்.

பிறகு உட்கார்ந்து யோசித்ததில் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அளக்கிற கருவி நம் மனது நோகக் கூடாது என்று வளைந்து கொடுத்தால் அது கருவியா? இதைச் சொல்லிச் சொல்லித்தானே முப்பத்தைந்து வருஷம் புதுப் பையன்களை விரட்டினேன்? ஆகவே மாதிரி மூன்று ஒருமனதாகத் தேர்வு செய்யப்பட்டது. அதை வைத்து நிவேதிதா மிக்ஸிங்கை ஏறக்குறைய முடித்துவிட்டாள். இன்று மாலை நான் கடைசி இன்ஸ்பெக்ஷன் பண்ணி ஓ.கே. சொன்னதும் பாட்டு போகும். ஒன்று மனம் விட்டுச் சொல்ல வேண்டும். எட்டு மாதமாக ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ரயில் எண்ணிக்கொண்டிருந்தேன். இந்தப் பத்து நாள் நான் மறுபடி ஆளாக இருந்தேன். ராதிகா ஒரு சோதனைக்கும் குறுக்கே நிற்கவில்லை. தாங்களும், தங்கள் பரிசால் வந்த விஷயமாக இருந்தும், ஒரு வார்த்தை தலையிடாமல் முழுப் பொறுப்பையும் என்னிடமே விட்டுவிட்டீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு என் நன்றி.

குழந்தைகளுக்கு என் ஆசிகள், வீட்டில் தங்கை அவர்களுக்கு என் அன்பு. எல்லோரும் எந்தச் சத்தத்துக்கும் காது நோகாமல், பருப்பு தீயாமல், நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அ. அழகேசன்,
தலைவர், ஹெட்போன் தேர்வுக் குழு.

பின்குறிப்பு (இரவு ஏழரை): கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்ஸ்பெக்ஷன் முடிந்துவிட்டது. சரணத்தில் மூன்றாவது வரி. அங்கே பொண்ணு குரல் மட்டும் தனியாக நிற்கும். பத்து நாளில் பாடியதிலேயே அதுதான் உசத்தி. அதற்குப் பின்னால் என்னமோ முணுமுணுவென்று கேட்டது. அந்த வரியை மட்டும் தனியாக, சத்தம் கூட்டிப் போடு என்றேன். "வேணாம்பா" என்றாள். போடு என்றேன். மாதிரி மூன்று உண்மையைச் சொல்லிவிட்டது மச்சான். தங்கள் அக்கா, தடையை மீறி, அடுக்களையில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறாள். நான் மாடியில் வெயிலில் இருந்த நேரம். பாடியவள் காது மூடியிருந்ததால் அவளுக்குக் கேட்கவில்லை, மைக்குக்குக் கேட்டிருக்கிறது.

"நீ குடுத்த ஐடியாதான்டா வரதா நல்லா வேலை செய்யுது. நிவி அந்த மூணாவதைத்தான் வாங்கறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டா. மத்த ரெண்டும் சும்மா அவருக்காக வரவழைச்சது. ஜன்னலாண்டயே உக்காந்துனு இருந்த மனுஷன், குழு போட்ட நாள்லருந்து ஆறு மணிக்கு எழுந்துக்கறாரு, நல்லா சாப்பிடறாரு, ராத்திரி தூங்கறாரு. எனக்கு இது போதும்டா." அப்புறம் உன் குரல், தெளிவாக: "அடுத்து மைக் வாங்கச் சொல்லுக்கா. மாமாவுக்கு ஒரு மாசம் ஓடும்."

எனக்கு முதலில் சுருக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன். நிவேதிதா அழுதுகொண்டே, "மறுபடி பாடிடறேம்பா" என்கிறாள். பத்து நாள் பாடித் தொண்டை கட்டிவிட்டது, கிரண் கொடுத்த கெடு இன்று இரவு. வாசலில் ராதிகா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பாஸ் பண்ணுவதா, தள்ளுவதா என்று இரண்டு பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். எங்கள் தொழிற்சாலையில், குறை இருந்தும் வண்டி ஓட்டத்தைக் கெடுக்காது என்றால் இன்ஸ்பெக்டர் சலுகை போட்டு விடலாம். நான் நோட்டில் எழுதினேன்: "குறை உள்ளது. வெளியாருக்குக் கேட்காது. எனக்கு மட்டும் கேட்கும். சலுகையில் அனுமதிக்கப்பட்டது. 47."

பாட்டு போய்விட்டது. கிரண் கேட்டுவிட்டு, "சூப்பரா கீதும்மா, பேரு ஸ்பெல்லிங் சொல்லு" என்றாராம்.

மைக் தேர்வுக்கு நாளையே குழு கூடுகிறது. எந்த மாதிரியை வாங்குவதாக நீங்கள் மூவரும் முடிவு செய்திருக்கிறீர்கள் என்று மட்டும் எனக்கு எழுதிவிடாதே. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.