முழுப்பாட்டு அண்ணனின் இரண்டாவது சரணம்

கம்பம் பள்ளத்தாக்கில் முழுப்பாட்டு அண்ணன் பாட ஆரம்பித்துவிட்டால், அவரை நிறுத்தும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும் கிடையாது. மழை முயன்று பார்த்திருக்கிறது. தோற்றுப்போனது.

அண்ணன் சினிமாவில் பாடியவர். சென்னையில் பல வருடம் பெரிய பாடகர்களுக்கு ட்ராக் பாடினார். அதாவது, முதலில் இவர் பாடி வைப்பார். பெரியவர்கள் வந்து பாடியதும் இவர் குரலை அழித்துவிடுவார்கள். ஒரே ஒரு பாட்டு மட்டும் தப்பிப் பிழைத்துப் படத்தில் வந்தது, ரேடியோவிலும் ஓடியது. ஆனால் நீளம் அதிகம் என்று இரண்டாவது சரணத்தை வெட்டிவிட்டார்கள். அன்றைக்கே ஊருக்கு பஸ் ஏறினார். இனி எந்தப் பாட்டையும் பாதியில் விடுவதில்லை என்று சபதம்.

தேவாரம் என்ற ஊரில் ஒரு கல்யாணக் கச்சேரி. நடுவில் கரண்ட் போனது. அண்ணன் கீபோர்டையும் வயலினையும் வாயாலேயே வாசித்துக்கொண்டு பாட்டைத் தொடர்ந்தார். ஐயர் "கெட்டிமேளம்!" என்று கத்துகிறார், மாப்பிள்ளை தாலியும் கையுமாகக் காத்திருக்கிறார். "இன்னும் ஒரு சரணந்தேன் சாமி" என்று ராகம் கெடாமல் பாட்டுக்குள்ளேயே பதில் வந்தது.

போன மாதம் எங்கள் ஊர்க் கோயில் திருவிழா. சாயங்காலக் கச்சேரி. பஞ்சுமிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன், என் ஆறு வயது மகளைக் காணோம். பக்கத்திலேயே மெயின் ரோடு. திருவிழாவுக்கு வந்தவர்களை ஏற்றிக்கொண்டு கேரளா எஸ்டேட்டுக்குத் திரும்பும் ஜீப்புகள் வரிசையாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டு மேடைக்கு ஓடினேன். அண்ணன் தன் சினிமாப் பாட்டில், வெட்டுப்பட்ட அந்தச் சரணத்தில் இருந்தார்.

"அண்ணே, எம்புள்ளையக் காணோம்ணே! மஞ்சக் கவுனு, ரெட்டச் சடை! மைக்குல சொல்லுங்கண்ணே!"

கண்ணை மூடியபடியே தலையாட்டினார். அடுத்த வரியில், அதே மெட்டில், "மஞ்சக் கவுனு... ரெட்டச் சடை... கண்டவுக சொல்லுங்களேன்..." என்று இழுத்தார். கூட்டம் புது வரி என்று நினைத்துக் கைதட்டியது. விசில் வேறு.

அண்ணன் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். கையைத் தூக்கினார். பாட்டு நின்றது.

"அண்ணே, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?" தபேலாக்காரர் அலறினார்.

"ஏலே, அண்ணன் நிப்பாட்டிட்டாகலே!" கூட்டம் மொத்தமும் எழுந்துவிட்டது.

"கைதட்டுனது போதும், புள்ளையத் தேடுங்கப்பா!" அண்ணனின் குரல் உடைந்திருந்தது.

அப்போது மேடைக்கு அடியில் தொங்கிய துணி விலகியது. என் மகள் தவழ்ந்து வெளியே வந்தாள், நல்ல கோபத்தில்.

"ஏன் நிப்பாட்டுனீக? இன்னும் முடியலையே!"

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேனா, அடித்தேனா என்று நினைவில்லை. இரண்டும்தான் என்கிறாள். அண்ணன் குனிந்து, "ஆத்தா, ஒனக்காக நிப்பாட்டிட்டேன். இனி எவனுக்கும் நிப்பாட்ட மாட்டேன், சரியா?" என்றார். பிறகு பல்லவியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

இன்னும் கூட்டத்தைப் பார்த்தால் என் கை தானாக அவள் கையைத் தேடுகிறது. போன வாரம் சுருளிப்பட்டியில் ஒரு கல்யாணம். பந்தி போட்டதும் அண்ணனைப் பாடவிட்டு எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். நானும் மகளும் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கடைசிச் சரணமும் முடிந்து சாப்பிடப் போனபோது பாயசம் தீர்ந்திருந்தது.

அடுத்த கல்யாணத்திலும் தீரட்டும்.