வேர் இல்லாதவற்றுக்குத் தண்ணீர் இல்லை

எங்கள் தெரு வால்வை மூடியது நீங்கள்தான். உங்கள் பேர் எனக்குத் தெரியாது, முகம் தெரியாது, எந்த மேசையில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறீர்கள் என்றும் தெரியாது. ஆனால் ஒரு காலையில் என் கடை வாசலில் இருக்கும் இரும்பு மூடியைத் தூக்கி, உள்ளே நீளமாக எதையோ விட்டுத் திருகி, மூடியைக் கோணலாகப் போட்டுவிட்டு நடந்துபோன ஓர் ஆள் உண்டு. என் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். "யாருய்யா நீ?" என்று கேட்கத்தானே வாய் இருக்கிறது? கேட்கவில்லை. "முதுகைத்தான் பார்த்தேன். முதுகுகிட்ட என்னத்தைக் கேக்கிறது?" என்கிறார். அந்த முதுகுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பூக்கடைக்காரி. தண்டோடு வெட்டி வரும் பூக்கள்: ரோஜா, லில்லி, ஜெர்பெரா, செவ்வந்தி. வாளிகளில் நிற்க வைத்து, கொத்தாகக் கட்டி விற்கிறேன். இந்தப் பூக்களுக்குச் செய்கிற பணிவிடையை மாமியாருக்குச் செய்திருந்தால் வீடு என் பேருக்கு வந்திருக்கும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓர் இலை இருக்கக் கூடாது, அழுகும். தண்டைச் சாய்வாக வெட்ட வேண்டும், நேராக வெட்டினால் வாளியின் அடியில் ஒட்டி உட்கார்ந்து வாயை மூடிக்கொள்ளும். பழுத்த பழம் பக்கத்தில் இருக்கக் கூடாது, மின்விசிறிக்கு நேரே வைக்கக் கூடாது, தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். எல்லாம் செய்வேன். தண்ணீர் இருந்தால்.

வால்வு மூடிய அன்றே ரோஜாக்களுக்குக் கழுத்து தொங்கிவிட்டது. பக்கத்துக் கடை சலூன்காரர் ஒருவருக்கு முகம் முழுக்க நுரை தடவிவிட்டுக் குழாயைத் திருப்பியிருக்கிறார். அந்த ஆள் நுரையோடு வீட்டுக்குப் போனார்.

குடிநீர் அலுவலகத்துக்குப் புறப்பட்டேன். ஊருக்கெல்லாம் தண்ணீர் விடும் அந்த இடத்தில் ஒரு சொட்டுக் கிடையாது. "சிக்கனத்தில் முன்மாதிரி அலுவலகம்" என்று வாசலில் பலகை. முன்மாதிரியாக இருக்கும் பொருட்டு எல்லாக் குழாய்களையும் கழற்றிவிட்டார்களாம். முன்மேசை எழுத்தர், மூலையில் சாய்ந்திருந்த துருப்பிடித்த கம்பியில் தன் குடையை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எதுக்கும்மா தண்ணி?"

"பூவுக்கு."

"செடியா?"

"வெட்டின பூ."

பேனாவைக் கீழே வைத்தார். "வெட்டினதுன்னா வேர் இருக்காதே."

"இருக்காது. தண்டால குடிக்கும்."

"மனுஷன் வாயால குடிக்கிறான், மாடு வாயால குடிக்குது, செடி வேரால குடிக்குது. தண்டால குடிக்கிற வகை எங்க விதியில இல்லையே. சரி, அது உயிரோட இருக்கா?"

"இருக்கு."

"அப்போ வேரைக் காட்டுங்க."

"அதான் வெட்டியாச்சுங்கிறேனே."

"அப்போ இறந்ததுன்னு ஆகுது. இறந்தவங்களுக்கு இணைப்பு தர்றதில்லை. வாரிசு இருந்தா வரச் சொல்லுங்க."

மொத்தச் சந்தையில் மீசை முறுக்குகிற ஆட்களையெல்லாம் பேசியே பாதி விலைக்கு இறக்கியவள் நான். பல்லைக் கடித்துக்கொண்டேன். "சரி, என் பூ செத்துப்போகட்டும். தெரு வால்வைத் திறங்க. தெருவே காயுது."

"வால்வை மூட உத்தரவு எதுவும் இல்லை. உத்தரவு இல்லாததால யாரும் மூடலை. எங்க பதிவுப்படி அது திறந்துதான் இருக்கு."

"வந்து குழாயைத் திருப்பிப் பாருங்க."

"பதிவைத்தான் நாங்க பார்க்க முடியும். திறக்கணும்னாலும் வால்வுச் சாவி காணோம். அது எப்படி இருக்கும்னு தெரிஞ்சவர் மாற்றலாகிப் போயிட்டார். கேட்டு எழுதியிருக்கோம்."

அதிகாரியிடம் போனேன். அவருக்கு ஊழியர்கள் வைத்திருக்கும் பேர் பச்சை மை. பச்சை மையில் கையெழுத்துப் போடும் தகுதி அந்தக் கட்டடத்தில் அவருக்கு மட்டும்தான். பொதுமக்கள் கோபத்தோடு வருவதால், அவர்களைச் சாந்தப்படுத்தும் பொருட்டு ஒவ்வோர் அலுவலகத்திலும் மலரமைப்பு வைக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லியிருந்தது. அதற்கான பயிற்சியை முடித்துவிட்டு அவர் அப்போதுதான் திரும்பியிருந்தார். மேசைக்கு முன்னால், முழங்கால் உயரத்தில் காலிச் சாடி.

பேரம் பேசுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? "ஐயா, சாடியை நான் அமைச்சுத் தர்றேன். நீங்க வால்வைத் திறந்துவிடுங்க."

"அமைப்பு சரியா வந்தா யோசிக்கலாம். ஆனா கோட்பாடு முக்கியம்மா. சமநிலைன்னா தெரியுமா? வலப்பக்கம் எத்தனை பூவோ இடப்பக்கமும் அத்தனை. இல்லைன்னா அந்தப் பக்கம் உட்கார்ற பிரிவு புகார் எழுதும். அப்புறம் விகிதம். சாடி வாய்க்கு மேல அமைப்பு சாடியைப் போல ஒன்றரை மடங்கு உயரம். ஒரு விரல் குறைஞ்சாலும் தணிக்கையில கேப்பாங்க. கடைசியா மையம். பார்க்கிற கண் எங்க போய் நிக்குதோ அதுதான் மையம்."

"அது நீங்கதானேய்யா?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். இல்லைன்னுட்டாங்க."

என்னிடம் இருந்த பூக்களில் அந்த உயரத்துக்கு நிற்க ஒன்றுக்கும் தெம்பில்லை. நிமிர்ந்திருந்தது ஒரே ஒரு வெள்ளைச் செவ்வந்தி. சுற்றிப் பார்த்தேன். முன்மேசைக்குப் போய் எழுத்தரின் குடையைக் கழற்றி அவர் மடியில் வைத்துவிட்டு, அந்தத் துருக்கம்பியை எடுத்துச் சாடியின் நடுவில் நட்டேன். அளந்து செய்ததுபோல் வந்தது. பூக்கம்பியால் சுற்றிச் சாடியின் கழுத்தோடு இறுக்கிக் கட்டினேன். நான் போடும் முடிச்சு அவிழாது, அது ஊருக்கே தெரியும். கம்பியைச் சுற்றி ரோஜாக்களை இரு பக்கமும் சரிக்குச் சரியாக வைத்தேன்.

"இப்போ இதுங்க குடிக்கிறதை உங்க கண்ணாலயே பாருங்க" என்று காட்டலாமென்றால், ஊற்றத் தண்ணீர் இல்லை. அந்த அறையில் திரவமென்று இருந்தது பச்சை மை ஒன்றுதான். புட்டியை வாங்கி ஒரு கிண்ணத்தில் கொட்டி, செவ்வந்தியை அதில் நிறுத்தினேன்.

மறுநாள் போனால் செவ்வந்தியின் இதழ்களில் நரம்பு நரம்பாகப் பச்சை ஏறியிருந்தது. கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுத்தர் அதன் முன்னால் உட்காரத் தயங்கினார். பச்சை மை ஏறிய பூ, பதவியில் அவருக்கு மேல்.

"குடிக்குதும்மா" என்றார் அதிகாரி.

"அதைத்தானே சொன்னேன். தண்ணி விடுங்க."

"மை குடிச்சே உயிரோட இருக்குதே. அப்புறம் தண்ணி எதுக்கு?"

"ஐயா, அந்த மையே முக்கால்வாசி தண்ணிதான்."

அவர் முகம் மாறிவிட்டது. "என் கையெழுத்தைத் தண்ணின்னு சொல்றீங்களா?"

அடுத்த வாரம், ஏற்கெனவே கழுத்து தொங்கியிருந்த சாடி ரோஜாக்கள் ஒன்று விடாமல் தலையை அடியோடு தொங்கப் போட்டன. செவ்வந்தியும் சாய்ந்தது. "அது சாகுதுய்யா" என்றேன்.

"சாகலை. பணிவு. மேலிடத்துக்கு முன்னால பூ நிமிர்ந்து நிக்கிறது எனக்கு முதல்லேயே ஒரு மாதிரியா இருந்துச்சு."

அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து அழகியல் ஆலோசகரான ஓர் அம்மா வந்தார். சாடியை மூன்று சுற்றுச் சுற்றினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தப் பூக்கள்ல ஒரு நேர்மையான சோர்வு இருக்கு. நடுவுல அந்தத் துரு. யார் செய்தது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். பூ செத்ததற்கு என்னைத்தான் பிடிக்கப்போகிறார்கள் என்று நான் பின்வாங்கினேன். அதிகாரி முந்திக்கொண்டு, "நம்ம அலுவலகத் தயாரிப்புங்க. பணிவுப் பாணி" என்றார்.

அவ்வளவுதான். பணிவுப் பாணி ஊரைப் பிடித்துக்கொண்டது. வங்கியில் வைத்தார்கள், ஓட்டல் வரவேற்பறையில் வைத்தார்கள், கல்யாண மேடையில் வைத்தார்கள். என் கடைக்கு வருகிறவர்கள் "வாடினது இருக்கா?" என்று கேட்டார்கள். ஒரு பெண்ணின் அம்மா ஒரு ரோஜாவைத் தூக்கிப் பார்த்து, "இது இன்னும் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருக்கேம்மா. சம்பந்தி வீட்டுல குறை சொல்லுவாங்க" என்றார். நல்ல பூவைவிட வாடியதற்கு நான் கூடுதலாக விலை சொன்னேன். வாட வைக்க ஆகும் நேரத்துக்கு யார் காசு கொடுப்பது? மறு பேச்சில்லாமல் வாங்கினார்கள். நடுவில் நிறுத்தத் துருக்கம்பியும் கேட்டார்கள். பழைய இரும்புக் கடையிலிருந்து கட்டுக் கட்டாக வாங்கிப் போட்டேன். ஒரே மாதிரிக் கம்பிகள் எங்கிருந்து வருகின்றன என்று இரும்புக்கடைக்காரரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"இப்போ தண்ணி வந்தா நமக்குத்தான் நட்டம்" என்றார் வீட்டுக்காரர்.

"வாயைக் கழுவுங்க" என்றேன்.

"எதால?" என்றார்.

மறுநாள் சலூன்காரர் வந்தார். "அக்கா, தெருமுனையில ஒட்டியிருக்காங்க, பார்த்தீங்களா? 'மேற்படி தெருவில் தண்ணீரின்றியே வணிகம் செழித்தோங்கியிருப்பதால், இத்திட்டம் அடுத்த தெருவுக்கும் விரிவாக்கப்படுகிறது.' எனக்குத் தனியா வேற சொல்லியிருக்காங்க, உலர் முறையில சவரம் பண்ணுன்னு."

"அதுக்கு என்னை என்ன பண்ணச் சொல்றே?"

"செழித்தோங்கினது நீங்கதானே அக்கா. என் பொண்ணு அடுத்த தெருவுலருந்துதான் குடம் தூக்கிட்டு வர்றா. அதையும் மூடிட்டா அவ எங்க போவா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு நேரே அலுவலகம் போனேன்.

எழுத்தர் ஒரு தாளோடு அதிகாரியின் அறையில் நின்றிருந்தார். "வாங்கம்மா. நல்ல சேதி. வால்வுச் சாவி எப்படி இருக்கும்னு பதில் வந்திருக்கு." படித்தார். "மார்பளவு இரும்புக் கம்பி. மேலே குறுக்குப் பிடி. அடியில் சதுரக் குழி."

படித்து முடித்ததும் மூன்று பேரும் சாடியைப் பார்த்தோம். கண் போய் நிற்கிற இடம்தான் மையம் என்று அவர் சொன்னது எவ்வளவு சரி.

"அதுலதான் நான் குடை மாட்டிக்கிட்டிருந்தேன்" என்றார் எழுத்தர், யாரிடமும் இல்லாமல்.

"எடுங்கய்யா. இப்பவே திறந்துடலாம்" என்றேன்.

"அதை எடுத்தா மையம் போயிடும். மையம் போனா சமநிலை போயிடும். மேலிடக் குழு பார்க்க வருதும்மா" என்றார் அதிகாரி.

"அமைச்சவ நான் சொல்றேன். கலைச்சுக்கலாம்."

"நீங்க வெளியாள். அது அலுவலகச் சாவி. கொண்டுவந்து வெச்சவர் யாரோ அவர்தான் எடுக்கணும். வால்வை மூடினவர் வரட்டும்."

"யார் மூடினது?"

"பதிவுப்படி யாரும் மூடலை."

ஆகவே, ஐயா, அல்லது அம்மா, உங்களைத்தான் கூப்பிடுகிறேன். மூடியது நீங்கள். சாவியை மூலையில் சாய்த்துவிட்டுப் போனதும் நீங்கள். அடுத்த தெருவுக்கு ஆள் வருவதற்குள் நீங்கள் வர வேண்டும். மாற்றலாகிப் போயிருந்தாலும் சரி, ஓய்வு பெற்றிருந்தாலும் சரி. ஒருவேளை இதைப் படித்துக்கொண்டு, யாரோ ஒரு முதுகைத் திட்டுகிறாள் என்று சிரித்துக்கொண்டிருந்தாலும் சரி. உங்கள் வீட்டு முன்னறையில் நான் விற்ற பணிவுச் சாடி ஒன்று இருக்குமே, அதன் நடுக்கம்பியைத் தூக்கி அடியில் பாருங்கள். சதுரக் குழி இருந்தால் அது எந்தத் தெருவின் தண்ணீர் என்று விசாரித்து, அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

வந்து திறந்துவிடுங்கள். பாதி திறக்கிறேன், ஒரு நாள் விட்டு ஒரு நாள் திறக்கிறேன் என்று என்னிடம் பேசாதீர்கள், இதில் பேரம் கிடையாது. வரும்போது கம்பி வெட்டும் கத்திரியும் கொண்டு வாருங்கள். முடிச்சு என்னுடையது, கையால் அவிழாது.