கொன்ஸ்டபிள் டோலனின் பரம்பரை பற்றி அக்காவுக்கு

வால்தம்ஸ்டோ, லண்டன்.
ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு.

பாசமிகு றோஸ்மலர் அக்கா அறிவது,

மடு மாதாவின் துணையாலும் போன கிழமை பூட்டிய புதுப் பொயிலரின் புண்ணியத்தாலும் நானும் மேரிசாந்தியும் பிள்ளை றொசாந்தியும் இங்கு சுகம். மன்னாரில் உங்களுக்கும் அத்தானுக்கும் அத்தானின் முழங்காலுக்கும் அதே சுகம் கிடைக்க மன்றாடுகிறேன். போன் இருக்க ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மீன் வெட்டுவீர்கள். போனமுறை நான் சொன்ன இரகசியத்துக்கு மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு றஜீனா பதில் சொன்னவ. ஆகையால் இதைத் தனியே இருந்து வாசிக்கவும்.

றொசாந்தி கீரன் டோலன் என்ற ஐரிஷ் வழிப் பெடியனை விரும்புகிறாள் என்று நான் சொன்ன அன்று நீங்கள் இட்ட கட்டளை: "தம்பி, ஆரின்ர பரம்பரை எண்டு விசாரிக்காமல் ஓம் எண்டு சொல்லிப்போடாதை." மன்னாரில் என்றால் பங்குச் சுவாமியிடம் ஒரு வார்த்தை, மீன் சந்தையில் ஒரு வார்த்தை, மத்தியானச் சோற்றுக்கு முதல் முழுப் பரம்பரையும் கைக்கு வந்துவிடும். வால்தம்ஸ்டோவில் நான் யாரைக் கேட்க? பெடியன் ஆஸ்பத்திரியில் நேர்ஸ், கத்தோலிக்கன், மேரிசாந்தியின் றால் கறியை மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கேட்பவன். அவனையே கேட்டேன்.

"தம்பி, உங்கட ஆக்கள் எவடம்?"

"லெய்ட்டன், அங்கிள்."

"அதுக்கு முதல்?"

"அதுக்கு முதலும் லெய்ட்டன்தான்."

லெய்ட்டன் இங்கே எங்களுக்குப் பக்கத்து ஊர் அக்கா. மேலும் தோண்டினேன். தன் பூட்டன் மைக்கல் டோலன் அயர்லாந்தில் பொலிஸ்காரராக இருந்தவர் என்றும், அவரைப் பற்றி வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை என்றும் சொன்னான். அக்கா, நீங்களே சொல்லுங்கள், சொந்த வீட்டாரே வாய் திறக்காத பொலிஸ்காரன் என்ன செய்திருப்பான்?

அயர்லாந்தின் பழைய பொலிஸ் பதிவேடுகள் இங்கே லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன என்று அறிந்து ஒரு செவ்வாய்க்கிழமை புறப்பட்டேன். உள்ளே பேனை கூடாது, பென்சில்தான். பையும் கூடாது, அதனால் மேரிசாந்தி கட்டித் தந்த மீன் கட்லட் லொக்கருக்குள் போனது. ஒரு மெசினில் பிலிம் சுருளைச் சுற்றச் சொன்னார்கள், நான் சுற்றிய வேகத்தில் ஐம்பது வருடம் ஒரு நிமிடத்தில் பறந்து போனது. ஆனால் அக்கா, அந்தப் பதிவேட்டை நீங்கள் பார்க்கவேண்டும்! ஒவ்வொரு பொலிஸ்காரனுக்கும் வயது, உயரம், ஊர், சமயம், முந்திய தொழில், சிபாரிசு செய்தவர், பெண்சாதி எந்த ஊர், பெற்ற தண்டனை என்ன, எல்லாம் ஒரே வரியில். கல்யாணத் தரகர்கூட இவ்வளவு விபரம் தரமாட்டார். மைக்கல் டோலனும் அகப்பட்டார். மூன்று தண்டனை, பிறகு வேலைநீக்கம். உடனே நூலகத்துக்குப் போய்க் கொம்பியூட்டரில் பழைய பத்திரிகைகளைத் தேடினால், அந்த மனிதர் குடிவெறியில் தன் சார்ஜன்ரையே கூண்டுக்குள் தள்ளிப் பூட்டிவிட்டுத் திறப்போடு சந்தைக்குப் போயிருக்கிறார்!

"இஞ்சேருங்கோ, இதை ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ" என்று மேரிசாந்தி சொன்னா. நான் காட்டினேன். அடுத்த ஞாயிறு கீரனும் அவனுடைய தகப்பன் டெர்மட்டும் சாப்பிட வந்தார்கள். டெர்மட் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, மனைவியை இழந்தவர், அமைதியான மனிதர். வட்டிலப்பம் வந்ததும், ஒரு சின்னச் சந்தேகம் என்று சொல்லி அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தேன். மனிதர் கண்ணாடி போட்டு வாசித்தார். முகம் சிவந்தது. தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க எழுந்தால், சிரிக்கிறார். (யாக்கோப்பு என்பது அவர் வாயில் யேக்கப்.)

"யேக்கப், இந்த ஆளை எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. ஆனால் இவர் கெறி மாவட்டம். எங்கட ஆள் லெய்ட்றிம்."

முப்பத்தொரு வருடம் இந்த நகரத்தில் தபால் பிரித்தவன் நான். ஒரே பெயர், வேறு விலாசம் என்பது அந்த வேலையில் முதல் நாள் படிக்கிற பாடம். கீரன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். றொசாந்தி எழுந்து நின்றாள். "அப்பா, நீங்கள் இவையின்ர ஃபமிலியை இன்வெஸ்டிகேட் பண்ணினீங்களா? ஹவ் குட் யூ டூ திஸ்?" அன்று தொடங்கி ஒன்பது நாள் என்னோடு கதையில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட, "அம்மா, அவரிட்ட இருக்கிற உப்பை வாங்கித் தாங்கோ" என்பாள். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒன்பது நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தாம் நாள் டெர்மட் போன் எடுத்தார். "என்னையும் அந்தக் காப்பகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவியளோ? நான் எங்கட அப்பப்பாவை ஒருக்காலும் தேடினதில்லை." ரயிலில் போகும்போது, மௌனத்தின் காரணத்தை அவரே சொன்னார். (அவர் இங்கிலீசில் சொன்னதை எங்கட தமிழில் எழுதுகிறேன்.) "அது பிரிட்டிஷ்காரன்ர பொலிஸ், சுதந்திரச் சண்டை நடந்த காலம். அந்த உடுப்போடை போனால் கடைக்காரன் பாண் தரமாட்டான். வழியிலை சுட்டும் போடுவாங்கள். தொளாயிரத்து இருபத்திரண்டிலை படையைக் கலைச்ச உடனை அப்பப்பா மனிசியோடை லண்டனுக்கு ஓடி வந்தவர். ஆர் கேட்டாலும் வயல் செய்த கமக்காரன் எண்டு சொல்லச் சொன்னவர்."

சீருடை போட்டவனைப் பற்றி வாய் திறக்காத வீடுகள் எங்கள் பக்கத்திலும் எத்தனை? எந்தச் சீருடை என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், நானும் எழுதமாட்டேன்.

இந்தமுறை சுருளை மெதுவாகச் சுற்றினேன். மைக்கல் டோலன், லெய்ட்றிம், கத்தோலிக்கன், ஐந்தடி பத்தங்குலம், சிபாரிசு பங்குச் சுவாமி, தண்டனை ஒன்றுமில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து ஒன்பதில் கல்யாணம். டெர்மட் திரையில் விரலை வைத்து அந்த வரியை வாசித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் காலத்தில் பொலிஸ்காரன் கலியாணம் கட்ட மேலதிகாரியின் அனுமதி வேண்டுமாம், பெண்ணின் குடும்பம் மரியாதையானதா என்றும் விசாரிப்பார்களாம். "யேக்கப், நீங்கள் அந்தப் படையிலை சேர்ந்திருந்தால் இன்ஸ்பெக்டராய் வந்திருப்பியள்" என்றார். பிறகு, "இனி என்ர முறை. உங்கட ஆக்களின்ர பதிவு எங்கை?" என்று கேட்டார்.

"எங்கட கோவில் ஞானஸ்நானப் புத்தகம் சண்டையிலை எரிஞ்சுபோச்சு."

"டப்ளினிலை எங்கட பதிவேடுகளும் அப்பிடித்தான் எரிஞ்சது."

ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஏன் என்று தெரியாது அக்கா, இரண்டு கிழவரும் சிரிக்கத் தொடங்கிவிட்டோம். அங்கிருந்த அம்மணி வாயில் விரல் வைக்கும் வரைக்கும் அடக்க ஏலாமல் போச்சு.

வீட்டுக்கு வந்து றொசாந்தியிடம், "பிள்ளை, நான் செய்தது பிழை" என்றேன். "கீரனிட்டச் சொல்லுங்கோ" என்றாள். சொன்னேன். அந்தப் பெடியன், "அங்கிள், அப்பா வாழ்க்கையிலை முதல் தரமாய்த் தன்ர ஆக்களைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைச்சவர். தாங்க்ஸ்" என்றான். அப்போதுதான் என் மகள் என்னை நேரே பார்த்தாள்.

ஆகவே அக்கா, நீங்கள் கேட்ட விசாரணை முடிந்தது. குற்றமற்ற பொலிஸ்காரனின் நேர் வாரிசு, பங்குச் சுவாமியின் சிபாரிசோடு. தயங்காமல் உங்கள் ஆசியை அனுப்புங்கள். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளின் நெற்றியில் என் சார்பில் ஒவ்வொரு சிலுவை அடையாளம், றஜீனாவுக்கு ஒன்றும் வேண்டாம்.

என்றும் உங்கள் சொல் தட்டாத தம்பி,
யாக்கோப்பு

பி.கு.: கடித உறையை ஒட்டப்போகும் நேரத்தில் டெர்மட்டின் போன். சந்தோசத்தில் லூட்டனில் இருக்கும் தன் வயதான மச்சாளுக்கு எல்லாவற்றையும் சொன்னாராம். அவ சொன்னாவாம்: "உனக்குத் தெரியாதோ? மைக்கலுக்குப் பிள்ளையே இல்லை. மேல்மாடியில் வாடகைக்கு இருந்த விதவை செத்துப்போக, அவளின்ர குழந்தையை அவரும் மனிசியும் எடுத்து வளர்த்தவை. அதுதான் உன்ர அப்பா." விதவை யார், எந்த ஊர், ஒருவருக்கும் தெரியாது. டெர்மட் சின்னக் குரலில், "யேக்கப், இனி முதலிலை இருந்து தேட வேணுமோ?" என்று கேட்டார். வேண்டாம், நாளைக்குக் கல்யாண மண்டபம் பார்க்கப் போவோம் என்று சொல்லிவிட்டேன். ஆகையால் அக்கா, மேலே எழுதியது ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம். பெடியன் நல்லவன்.