எட்டு ஆள் எடை

வடக்கனந்தல்,
வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி.

சிரஞ்சீவி தம்பி கொளஞ்சியப்பனுக்கு அண்ணன் ராஜாங்கம் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அண்ணி அமிர்தமும் இரண்டு மாடுகளும் சுகம். அங்கே நீயும் இருசம்மாளும் சுகம் என்பது எதிர்வீடு என்பதால் எனக்கே தெரிகிறது. நேற்று நீ இருமியதும் கேட்டது. மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் குடி.

எதிர்வீட்டுக்கு எதற்குக் கடிதம் என்று நீ நினைக்கலாம். இனி உன்னோடு பேச மாட்டேன் என்றுதான் போன மாசி மாதம் நாலு பேர் நடுவில் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. சொன்ன சொல்லை மீறுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

விஷயம் இதுதான். அப்பா நம் இருவருக்கும் பொதுவாக விட்டுப்போன கிணற்றில், என் மோட்டாரைத் தூக்க ஒரு கரண்ட் மெஷின் வைக்க முடிவு செய்துவிட்டேன். இனி எந்தக் காலத்திலும் மோட்டார் தூக்க உன்னையோ உன் ஆட்களையோ கூப்பிட மாட்டேன். அந்த மெஷினுக்கு உன் பக்கத்துக் கரையில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடம் வேண்டும். அதைத் தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம். கேட்கவில்லை, தெரிவிக்கிறேன்.

என்ன நடந்தது என்று நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நம் ஊரில் கிணற்று மோட்டார் தூக்கினால் கூலி கிடையாது, கறிச்சோறு. கயிறு பிடித்தவர்களுக்கு முதல் பந்தி, மற்றவர்கள் பிறகு. போன மாசியில் என் மோட்டாரை எட்டுப் பேர் இழுத்தோம். நான் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு, "இழு, விடாத, இன்னொரு மொழம்" என்று குரல் கொடுத்தேன். மோட்டார் மேலே வந்தது. முதல் பந்தியில் உட்கார்ந்தேன். எனக்கு இலை போடும்போது நீ சொன்னாய்: "அண்ணனுக்கு இன்னாத்துக்கு இப்ப எல? அவுரு எங்க கயித்தப் புடிச்சாரு, கயிறுதான் அவரப் புடிச்சிக்கினு இருந்துச்சி." ஆறு பேரும் சிரித்தார்கள். அமிர்தமும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். தன் வீட்டு ஆட்டுக்கறியைத் தானே கோபித்துக்கொண்டு எழுந்து போனவன் இந்தச் சுற்று வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இப்போது பத்து நாளாக மறுபடி என் மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை. கரும்பு ஆறு மாதப் பயிர், தோகை சுருண்டுவிட்டது. அதைப் பார்க்கச் சகிக்காமல் கொல்லைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன். "அவரு மோட்டார்ல தண்ணி உட்டுக்கச் சொன்னாரு" என்று இருசம்மாள் வந்து அமிர்தத்திடம் சொன்னாள், நீ சொல்லி அனுப்பியதுதான். அவர்கள் இருவரும் கூடப் பிறந்த அக்கா தங்கச்சி என்பதால் அவர்கள் பேச்சு வார்த்தை நிற்கவில்லை. உன் தண்ணீர் எனக்கு வேண்டாம் என்றேன். கரும்பு என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அதைக் கேட்கவில்லை.

போன திங்கட்கிழமை அமிர்தத்தைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சியில் மெஷின் கடைக்குப் போனேன். கவுண்டரில் அபிநயா என்று ஒரு பொண்ணு, கெட்டிக்காரி. "எத்தினி கிலோ சார் தூக்கணும்?" என்று கேட்டாள். நாம் எந்தக் காலத்தில் மோட்டாரைக் கிலோவில் எடை போட்டோம்? "எட்டு ஆள் எடைம்மா" என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எட்டு ஆளயும் தூக்கணுமா சார்?" என்றாள். எட்டு ஆள் சேர்ந்து தூக்குகிற எடை என்று விளக்கினேன். அவளும் சளைக்காமல், ஆளுக்கு நாற்பது கிலோ இழுப்பார்கள் என்று கணக்குப் போட்டு, "முந்நூத்தி இருவது. அப்ப ஐந்நூறு கிலோ மெஷின்தான் சார்" என்றாள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நான் நினைத்த நேரத்தில் பின்னாலிருந்து அமிர்தம், "ஏழு ஆளுங்க" என்றாள்.

கடையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எண்ணிவிட்டேன். "எட்டு" என்றேன். "இழுத்தவங்க ஏழுங்க" என்கிறாள் அவள். அந்தப் பொண்ணு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏழுன்னா எரநூத்தி எம்பதுதான் சார், முந்நூறு கிலோ மெஷினே போதும், வெல கம்மி" என்றது. எனக்குச் சின்ன மெஷின் வேண்டாம். நான் ஒரு ஆள் இல்லை என்று பில் போட்டுக் கையெழுத்து வாங்குகிற கடையில் நான் ஏன் பொருள் வாங்க வேண்டும்? ஐந்நூறுதான் வேண்டும் என்று நின்றேன்.

அங்கேயும் ஒரு சிக்கல். பெட்டியில் ஐந்நூறு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான், ஆனால் அது ஒற்றைக் கம்பிக் கயிற்றில் இருநூற்றைம்பதுதான் தூக்குமாம். கொக்கியில் கப்பி மாட்டிக் கயிற்றை இரட்டையாக விட்டால்தான் ஐந்நூறு. இரட்டையாக விட்டால் உயரம் பாதியாகிவிடும், இருபது அடிதான் ஏறும். நம் கிணறு அறுபது அடி. மோட்டார் இருபது அடி ஏறி அந்தரத்தில் நிற்கும், நான் மேலே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். "அப்ப உங்களுக்கு வின்ச்சு சார்" என்றாள் அந்தப் பொண்ணு. அதைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு, கிணற்றுக்கு மேலே கம்பத்தில் கப்பி வைத்து இழுக்கலாம், கயிறு நூறு அடி வரும் என்றாள். த்ரீ பேஸா சிங்கிள் பேஸா என்று கேட்டாள். நமக்கு த்ரீ பேஸ் வருகிற நேரம் நமக்கும் தெரியாது, விடுகிறவர்களுக்கும் தெரியாது. சிங்கிள் பேஸே கொடும்மா என்றேன். வாங்குவதற்கு முன் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள் என்று வெள்ளிமலையில் சடையன் என்பவரின் விலாசம் கொடுத்தாள்.

புதன்கிழமை மலைக்குப் போக நான் கிளம்பியதும் உன் அண்ணி, "ரெண்டு நாள் தங்கி நல்லா பாத்துட்டு வாங்க, அவசரமே இல்ல" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் வெளியூரில் தங்குவதில் அவளுக்கு இத்தனை அக்கறை இருந்ததில்லை. பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெள்ளிமலை போய்ச் சேர்ந்தேன். சடையனுக்கு ரோட்டுக்குக் கீழே சரிவில் மரவள்ளி. மூட்டைகளை வின்ச்சு வைத்துத்தான் மேலே இழுக்கிறார். அருமையான மெஷின் தம்பி. பொத்தானை அமுக்கினால் மூட்டை தானாக ஏறி வருகிறது. நடுவில் கரண்ட் போய்விட்டது, ஆனாலும் மூட்டை ஒரு அங்குலம் கீழே நழுவவில்லை. பிரேக் அப்படி. இதைத்தான் வாங்குவது என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன்.

கரண்ட் வரும் வரை உட்கார்ந்திருந்தோம். முன்பெல்லாம் எத்தனை பேர் இழுப்பீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன். "ஆறு பேருங்க. அதுல ஒருத்தன் என் தம்பி" என்றார் சடையன். தம்பி இப்போது எங்கே என்றேன். "கீழ் ஊர்லதான் இருக்கான். மூட்டை இழுக்கக் கூப்புட்டா வருவான், சாப்புடுவான், ரெண்டு வார்த்த திட்டிட்டுப் போவான். மெஷின் வந்தப்புறம் கூப்பிட வேல இல்ல. அவனும் வர்றதில்ல" என்றார். இதை அவர் என்னிடம் எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை. நான் போனது வின்ச்சு பார்க்க. அதனால் பிரேக்கைப் பற்றி மேலும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். "ஏன் அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்று கேட்டாள் உன் அண்ணி. புருஷன் வீடு வந்ததற்கு இப்படி ஒரு வரவேற்பு.

நேற்று காலை கடையிலிருந்து ராசு என்ற பிட்டர் வந்து கிணற்றைப் பார்த்துவிட்டு, நேராக என் வீட்டுக்கு வந்தார். என் பக்கத்துக் கரையில் கட்டுக்கல் ஆடுகிறதாம், ஒரே கரையில் கம்பம் நட்டால் கம்பம், மெஷின், நான் எல்லோரும் ஒன்றாக உள்ளே போவோமாம். கிணற்றுக்குக் குறுக்கே இரும்பு உத்திரம் போட்டு ஒரு முனையை என் கரையிலும் மறு முனையை எதிர்க்கரையிலும் வைத்தால்தான் நிற்கும் என்கிறார். எதிர்க்கரை உன்னுடையது. உன் தயவு இல்லாமல் தூக்கத்தான் இந்த மெஷின், அது நிற்க உன் கரைதான் வேண்டும் என்கிறார். நானும் மூன்று விதமாகப் படம் போட்டுக் காட்டினேன். மூன்றிலும் நான் உள்ளே விழுகிறேன் என்றே சொல்லிவிட்டார்.

ஆகவே திங்கட்கிழமை மெஷின் வருகிறது. முடிவில் மாற்றமில்லை. நீ இடம் கொடுத்தால் போதும், ஆள் வர வேண்டாம், கயிறும் வேண்டாம். நம் வடக்கயிற்றைக்கூட அமிர்தம் யாரோ தேங்காய் வண்டிக்காரருக்கு இரவல் கொடுத்துவிட்டாளாம், காலையில் கொட்டகையில் காணவில்லை. போகட்டும், இனி அது எதற்கு? அவளும் என் பக்கம் வந்துவிட்டாள் என்றே நினைக்கிறேன். ஒரு டீக்கே மூன்று முறை கேட்க வைக்கிறவள், இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததிலிருந்து கேட்காமலே மூன்று டீ கொடுத்துவிட்டாள். "அவசரப்படாதீங்க, ஒண்ணு விடாம வெவரமா எழுதுங்க, எழுந்து கிழுந்து போவாதீங்க" என்கிறாள். மசாலா வேறு அரைத்துக்கொண்டிருக்கிறாள். என்ன விசேஷம் என்றால் சும்மாத்தான் என்கிறாள்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. நீயும் இருசம்மாளும் பிள்ளைகளும் நோய் நொடியில்லாமல், வயலும் வாசலும் செழித்து இருக்க நம் குலதெய்வம் துணை நிற்கட்டும். கஷாயத்தை மறக்காதே.

இப்படிக்கு,
உன்னோடு பேசாத அண்ணன்,
ராஜாங்கம்.

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படிக்காதே, நேரம் இல்லை. உத்திரத்துக்கு நீளம் எவ்வளவு என்று அளக்க டேப்பை எடுத்துக்கொண்டு இப்போதுதான் கிணற்றுக்கு வந்து போனேன். என் மோட்டார் கரையில் நனைந்து கிடந்தது. தேங்காய் வண்டிக்காரருக்குப் போன வடக்கயிறு உன் தோளில் இருந்தது. மோட்டார் தண்ணீர் உறிஞ்சுகிற சல்லடை வலையில் சேறு அடைத்திருந்ததாம், கழுவியாயிற்றாம், இறக்க வேண்டியதுதான் பாக்கியாம். நீ என்னிடம் சொல்லவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே எதிரே இருந்தவரிடம் சொன்னாய். நானும் பேசவில்லை. பேச மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? அதனால்தான் இதை எழுத வீட்டுக்கு ஓடி வந்தேன். இரண்டு முறை எண்ணினேன், ஏழு பேர்தான் இழுத்திருக்கிறீர்கள். சரி, ஏழு ஆள் எடைதான், ஒத்துக்கொள்கிறேன். மெஷின் திங்கட்கிழமை வர வேண்டாம் என்று கடைக்குப் போன் போடுகிறேன். இந்தக் கடிதத்தை அமிர்தம் கொண்டு வருகிறாள், நான் அவள் பின்னாலேயே வருகிறேன். நான் வரும் வரை மோட்டாரை இறக்காதே. கயிற்றின் வாலை எனக்கு விட்டு வை, கயிறு என்னைப் பிடித்தாலும் பரவாயில்லை. அடுப்படியில் உன் அண்ணி முதல் பந்திக்கு இலை அறுத்து அடுக்கி வைத்திருக்கிறாள். அதையும் இரண்டு முறை எண்ணிவிட்டேன். எட்டு இருக்கிறது.