யாரையும் கடிக்கவில்லை

நாய்க்கடிப் பிரசங்கத்துக்கு அன்றும் யாரும் வரவில்லை. சுகாதாரப் பிரசாரகர் ஸ்ரீனிவாசராகவன் உத்தரவீதி மூலையில் காலி ஜமக்காளத்தைப் பார்த்துப் பேசிவிட்டு, கட்டிப்போன தொண்டையோடு வீடு திரும்பினார்.

கடித்த இடத்தை உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவவேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பக்கூடாது. தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளவேண்டும். அவர் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

வருகிறவர்களுக்குச் சோப்பு இலவசம் என்று தமுக்கடிக்கச் செய்தார். கூட்டம் தெருவை அடைத்தது. சோப்பை வாங்கிக்கொண்டு, அவர் வாய் திறக்குமுன் கலைந்தது. கடிபட்டவர்களுக்கு மட்டுமே சோப்பு என்று மாற்றினார். பாதி ஊர் நொண்டிக்கொண்டு வந்தது. அதை நம்பி எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். முள் கீறியவர்களையெல்லாம் அனுப்புகிறீரே என்று டாக்டர் கூப்பிட்டுக் கோபித்துக்கொண்டார். கடைசியில், பல நாள் தொடர்ந்து வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டால்தான் சோப்பு என்று அறிவித்தார்.

அதன்பிறகு ஸ்ரீரங்கத்தில் நாய் யாரையும் கடிக்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டாலும் எல்லாரும் இல்லையென்றே தலையாட்டினார்கள்.

ஒருநாள் சேக் மைதீனின் ஜட்காவில் ஏறப்போனவர், அவன் கெண்டைக்காலில் ஆறாத புண்ணைப் பார்த்தார்.

"என்னப்பா இது?"

"விழுந்துட்டேனுங்க, சாமி."

"பல் பதிஞ்சிருக்கே."

"கூரான கல்லுங்க."

அவருக்கு அலுப்பாக இருந்தது. ஆனாலும் அவனைத் தெருக்குழாயடியில் உட்கார வைத்து, பையிலிருந்த சோப்பை எடுத்துத் தானே காலைக் கழுவிவிட்டார். மைதீன் கூச்சத்தில் நெளிந்தான். எந்த நாய் என்று எத்தனை விதமாகக் கேட்டும், நாயே இல்லை என்று சாதித்தான்.

"ஊசி போட்டுக்காதவன் ஒருத்தனை நான் பார்த்திருக்கேன். தாகத்துல தவிச்சான், ஆனா தண்ணியைக் கண்டா நடுங்கினான். நீ புள்ளைகுட்டிக்காரன், மைதீன்."

மைதீன் அவரை ஏற்றிக்கொண்டு வண்டியைக் காவிரிப் பாலத்துப் பக்கம் திருப்பினான்.

திருச்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரோசரி ஊசியோடு நிமிர்ந்தாள்.

"என்ன பாய், இன்னைக்கு இவ்வளவு நேரம்? மத்தவங்கள்லாம் காலையிலேயே போட்டுக்கிட்டுப் போயிட்டாங்களே."

ஸ்ரீனிவாசராகவன் மைதீனைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தினமும் வந்துக்கிட்டா இருக்கே? அதை என்கிட்ட ஏன்யா மறைச்சே?"

ரோசரிதான் பதில் சொன்னாள். "எப்படிங்க சொல்லுவாரு? உங்க வீட்டுக் கொல்லையில சோறு தின்னுற நாய்தான் தெருவையே கடிச்சிருக்கு. சோறு வைக்கிற உங்க வீட்டம்மாதான் முதல்ல வந்து ஊசி போட்டுக்கிட்டு, உங்க காதுல விழாம பார்த்துக்கச் சொன்னாங்க."