தெருவுக்கு வந்த வயல் மண்

வெள்ளிக்கிழமை வந்து தெருத் தூசியை அள்ளிக்கொண்டு போவதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பெண் ஒருத்தி சொல்லிவிட்டுப் போனதிலிருந்து நிர்வைல் சிங்குக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை.

லூதியானாவில் சைக்கிள் ஹேண்டில்பாருக்கு நிக்கல் முலாம் பூசும் பட்டறை அவருடையது. கூலிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர் மெல்ல மெல்ல முதலாளியானார். இப்போது மாசுக் கட்டுப்பாட்டு ஆட்கள் தெருத் தெருவாகத் தூசி எடுத்து, அதில் நிக்கல், குரோமியம், ஈயம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அளவு மீறினால் பட்டறைக்குச் சீல். அவர் தெருவில் முலாம் பட்டறை அவருடையது ஒன்றுதான். கைகாட்ட வேறு ஆள் இல்லை.

ஆனாலும் முன்கூட்டியே சொன்னாளே, அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று குருத்வாராவில் வேண்டிக்கொண்டார். நிர்வைல் சிங்கின் சுபாவம் அது. கரண்ட் போனால்கூட, இவ்வளவு நேரம் இருந்ததே என்று மேலே பார்த்துக் கும்பிடுகிறவர்.

முதலில் தெருவைப் பெருக்கச் சொன்னார். வேலைக்காரன் ராம்சேவக் வேகமாகப் பெருக்கினான். தூசி எழும்பி, எதிர் மிட்டாய்க்கடை தேஷ்ராஜின் பால் அண்டாவில் போய் இறங்கியது.

தேஷ்ராஜ் கரண்டியோடு வெளியே வந்தார். "சர்தார்ஜி, நீங்க ஹேண்டில்பாருக்கு முலாம் பூசுங்க. என் பர்பிக்கு வேணாம். அதுக்கு வெள்ளித்தாள் நானே ஒட்டிக்கறேன்."

பால் மொத்தத்துக்கும் விலை கொடுத்துச் சாக்கடையில் ஊற்றினார் நிர்வைல் சிங். தெருவே கேட்கும்படி கத்தாமல் விட்டதற்கு தேஷ்ராஜின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

பெருக்கினால்தானே பறக்கிறது, கழுவிவிடு என்றார் மறுநாள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது தெரு காய்ந்து, நடுவில் திட்டுத் திட்டாகப் பச்சை பூத்திருந்தது.

"தண்ணி எங்கேருந்துடா எடுத்தே?"

"கரண்ட் இல்ல முதலாளி, மோட்டார் ஓடல. நிக்கல் பூசின ஹேண்டில்பார் அலசுற தொட்டியிலேருந்து மொண்டு ஊத்தினேன்."

"எவ்வளவு?"

"தொட்டி காலி."

தேஷ்ராஜ் எட்டிப் பார்த்து, புல்தரை போடுகிறீர்களா, நாங்களும் வந்து உட்காரலாமா என்று விசாரித்தார். நிர்வைல் சிங் படியில் உட்கார்ந்துவிட்டார். சிறிது நேரம் கழித்து, குரோமியத் தொட்டியில் கை வைக்காமல் விட்டானே என்று நினைத்துக்கொண்டு, ராம்சேவக்குக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

சுரண்டிப் பார்த்தார்கள். பச்சை இன்னும் பரவியது. இனி மூடுவதைத் தவிர வழியில்லை. மனைவியின் தம்பி ஜக்ரூப்புக்கு போன் போட்டார். ஊரில் கோதுமை விவசாயம் பார்ப்பவன்.

"மாப்ளே, ஒரு டிராக்டர் மண்ணு வேணும். உன் வயல் மண்ணு. கெமிக்கல் வாடையே படாத மண்ணா இருக்கணும். என் பட்டறையே அதுலதான் இருக்கு."

ஜக்ரூப், "நீங்க கேட்டு நான் இல்லேன்னு சொல்வேனா, அத்தான்?" என்றான்.

வியாழன் சாயங்காலம் மண் வந்து இறங்கியது. கொஞ்சம் வெளிறிய மண். இந்த வருஷம் மழை குறைவு அல்லவா. விதைப்புக் காலத்தில் ஒருவன் வயலைத் தோண்டி அனுப்பியிருக்கிறான். வண்டி வாடகைகூட வாங்கக் கூடாது என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறான். நிர்வைல் சிங் ஒரு பிடி எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியது. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தானே நின்று பரப்பச் செய்தார்.

வெள்ளிக்கிழமை ரவ்னீத் என்ற அந்தப் பெண் பிளாஸ்டிக் பிரஷும் பைகளுமாக வந்தாள். நிர்வைல் சிங் லஸ்ஸி வரவழைத்தார். அவள் குனிந்து அள்ளி, பையை ஒட்டி, பெயர் எழுதினாள்.

"பக்கத்துத் தெருவுல எல்லாம் கழுவித் துடைச்சு வெச்சிருக்காங்க அங்கிள், ஒரு ஸ்பூன் தூசி தேறல. நீங்கதான் தாராளமா விட்டு வெச்சிருக்கீங்க. ரொம்ப தேங்க்ஸ்."

"நான்தாம்மா உனக்கு நன்றி சொல்லணும்" என்றார் அவர் மனதார.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. நகரத்திலேயே அவர் தெருத் தூசிதான் முதலிடம். இரண்டாவதாக வந்த தெரு வெகுதூரம் பின்னால் இருந்தது. சோதனை செய்தவர்கள் கருவி கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்டு மறுபடி பார்த்தார்களாம். முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டியதாம். அன்று மாலையே பட்டறைக்குச் சீல் வைத்தார்கள்.

பூட்டிய கதவின் முன் நிர்வைல் சிங் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தேஷ்ராஜ் ஒரு தட்டு பர்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றார். சேதி கேட்டு ஜக்ரூப் கடுகுக் கீரைக் கட்டோடு ஊரிலிருந்து ஓடி வந்தான்.

நிர்வைல் சிங் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். "உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, மாப்ளே. சோறு போடுற வயலைத் தோண்டிக் கொடுத்தவன் நீ. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். அந்தச் சுத்தமான மண்ணுல இவ்வளவு விஷம் எப்படி வந்துச்சுன்னுதான் புரியல."

ஜக்ரூப் கீரைக் கட்டை மெதுவாகக் கீழே வைத்தான்.

"விதைச்ச வயலை எப்படித் தோண்டறது, அத்தான்? எங்க ஊர் ஓடைக்கரையில கொட்டிட்டு வரச் சொல்லி உங்க தொட்டிக் கசடை மாசாமாசம் அனுப்புவீங்களே, அதுதான் மண்ணு மாதிரி நல்லா காஞ்சு, வாடையே இல்லாம கிடந்துச்சு, வாரி அனுப்பிட்டேன்."